நெல் வயலில் பிடித்த பூச்சி எந்த வரிசையைச் சேர்ந்தது?

வயலில் பிடித்த பூச்சியை நிறத்தை வைத்து இனங்காண முயல்வது பெரும்பாலும் தவறில் முடியும். இறக்கையையும் வாயுறுப்பையும் பார்ப்பதே நம்பத்தக்க வழி. 1758இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் கார்ல் லின்னேயஸ் பூச்சிகளை வரிசைகள் (ஆர்டர்) எனும் பெரும் பிரிவுகளாகப் பிரித்தபோதும் இறக்கையின் அமைப்பையே முதன்மையாகக் கொண்டார். பூச்சி வலை, மூடியுள்ள கண்ணாடிக் குப்பி, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் ஆகியவை இருந்தால் போதும்.

முதலில் கால்களை எண்ணுங்கள். மூன்று இணைக் கால்களும் ஓர் இணை உணர்கொம்புகளும் இருந்தால் அது பூச்சி. நான்கு இணைக் கால்கள் இருந்து உணர்கொம்பு இல்லையென்றால் அது சிலந்தி. நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் பூச்சியான புகையானைத் தின்னும் அதனை வயலிலேயே விட்டுவிட வேண்டும்.

அடுத்து இறக்கைகள். ஓர் இணை மட்டும் இருந்து, அதன் பின்னால் குண்டூசித் தலை போன்ற இரு சிறு குமிழ்கள் தெரிந்தால், அது ஈக்களும் கொசுக்களும் அடங்கிய டிப்டீரா. கொசுவைப் போலவே தோன்றும் ஆனைக்கொம்பன் ஈயும் இதில்தான் சேரும். முன்னிறக்கைகள் கடினமான ஓடாகி முதுகின் நடுவில் நேர்கோடாகச் சந்தித்தால் வண்டினமான கோலியாப்டீரா. இறக்கைகளைத் தொட்டதும் விரலில் தூள் போன்ற செதில்கள் ஒட்டினால், தண்டுத்துளைப்பானின் தாய் அந்துப்பூச்சி உள்ளிட்ட லெபிடாப்டீரா. பின்னங்கால் தொடை பருத்திருந்தால் வெட்டுக்கிளிகளின் ஆர்த்தாப்டீரா. மிகச் சிறிய உணர்கொம்பும் பெரிய கண்களும் வலைப்பின்னலான நான்கு இறக்கைகளும் இருந்தால் தட்டான்களின் ஓடோனேட்டா.

குளவிகளும் எறும்புகளும் அடங்கிய ஹைமனாப்டீராவைப் பெரும்பாலும் ஒடுங்கிய இடையாலும், முன்னிறக்கையைவிடச் சிறிய பின்னிறக்கையாலும் அறியலாம். தண்டுத்துளைப்பானின் முட்டைகளை அழிக்கும் டிரைக்கோகிரம்மா குளவி ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியது என்பதால், சாதாரண வலையில் அது தங்காது.

அதிகக் குழப்பம் தருவது ஹெமிப்டீரா. கதிர் நாவாய்ப்பூச்சியின் முன்னிறக்கை அடியில் தோல்போலத் தடித்தும் நுனியில் சவ்வுபோல மெலிந்தும் இருக்கும். புகையானுக்கும் பச்சைத் தத்துப்பூச்சிக்கும் அது முழுவதும் ஒரே தன்மையாக இருந்து, உடல்மேல் கூரைபோலச் சரிந்திருக்கும். குஞ்சுகளுக்கோ இறக்கையே வளர்ந்திருக்காது. அப்படியானால் எதைக் கொண்டு இவற்றையெல்லாம் ஒரே வரிசையில் சேர்ப்பது? பூச்சியை மல்லாத்திப் பாருங்கள். தலைக்கு அடியிலிருந்து கால்களுக்கு இடையே பின்னோக்கி மடிந்து கிடக்கும் ஊசி போன்ற உறிஞ்சுகுழல்தான் இந்த வரிசையின் அடையாளம். பொறிவண்டு போலவே உருண்டு பளபளக்கும் சில நாவாய்ப்பூச்சிகள்கூட இங்கே பிடிபட்டுவிடும், ஏனென்றால் வண்டுக்கு இருப்பது மெல்லும் தாடை. அந்த நாவாய்ப்பூச்சிகளின் முதுகிலும் நடுக்கோடு இருக்காது.

வரிசை தெரிந்துவிட்டது என்பதற்காக மருந்துத் தெளிப்பானை எடுத்துவிடக் கூடாது. பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையானும், அந்தப் புகையானின் முட்டைகளையே உறிஞ்சிக் குடிக்கும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியும் ஒரே ஹெமிப்டீராவைச் சேர்ந்தவை. இரண்டையும் தூரின் அடியில் அடுத்தடுத்தே காணலாம் என்பதால், அங்கே உணர்கொம்பைப் பாருங்கள்: கண்ணுக்குக் கீழிருந்து குட்டையாகக் கிளம்பி மயிர்போல முடிந்தால் புகையான்; மெல்லியதாக நீண்டு, தலை கறுத்து, இறக்கை பச்சையாக இருந்தால் மிரிட்.