சாயம் வெளுத்துவிடுமோ என்ற அச்சத்தைக் கையாள்வது எப்படி?

பதவி உயர்வு கிடைத்த மறுநாளே, தேர்வுக் குழு ஏதோ தவறிழைத்துவிட்டது என்றும் அது விரைவில் அம்பலமாகிவிடும் என்றும் எண்ணி உறக்கம் தொலைப்பவர்கள் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் தம் வேலையைப் பொறுப்போடு செய்து நல்ல பெயர் எடுத்தவர்கள். கிடைத்த இடத்துக்குத் தமக்குத் தகுதியில்லை, இதுவரை எல்லோரையும் ஏமாற்றி வந்திருக்கிறோம், என்றேனும் ஒருநாள் சாயம் வெளுத்துவிடும் என்ற இந்த ஓயாத எண்ணத்தையே இன்று இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர்களான பாலின் கிளான்ஸும் சூசேன் ஐம்ஸும், படிப்பிலும் தொழிலிலும் சிறந்து விளங்கிய பெண்களிடம் தாம் கண்டதைக் கொண்டு 1978-இல் இதைப் பற்றி எழுதினார்கள். ஆண்களுக்கும் இது நேர்கிறது என்பது பின்னர் தெரியவந்தது. மனநோய்களின் அதிகாரபூர்வப் பட்டியல்களில் இதற்கு இடமில்லை. ஆகவே இதை ஒரு கோளாறாகக் கருதாமல், நெடுநாள் ஊறிப்போன ஒரு பழக்கமாகக் கருதுவதே உதவும் என்பது என் கருத்து.

வெற்றிகள் பெருகப் பெருக இந்த அச்சம் தானே விலகிவிடும் என்று பலரும் காத்திருக்கிறார்கள், அது விலகுவதில்லை. புதிய பணி வந்ததும் பயம் எழுகிறது. அந்தப் பயத்தில் ஒருவர் அளவுக்கு மீறித் தயாராகிறார். இன்னொருவர் கடைசி நாள்வரை தள்ளிப்போட்டு அவசரமாக முடிக்கிறார். பணி நன்றாக முடிந்தாலும், முதலாமவர் 'இவ்வளவு பாடுபட்டால் யாருக்கும்தான் வரும்' என்கிறார். இரண்டாமவர் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக அதை அதிர்ஷ்டத்தின் தலையில் ஏற்றிவிடுகிறார். இருவருடைய கணக்கிலும் திறமையின் பெயரில் ஒரு வரவுகூட ஏறுவதில்லை. பிழை நேர்ந்தால் மட்டும் அது முழுவதும் அவர்கள் பெயரில் பற்று எழுதப்படுகிறது. இப்படி எழுதப்படும் கணக்கில் எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் இருப்பு சேராது.

எனவே முதலில் திருத்த வேண்டியது அந்தக் கணக்கைத்தான். ஒரு நோட்டுப் புத்தகத்தை இதற்கென்றே ஒதுக்குங்கள். அச்சமூட்டும் பணியைத் தொடங்கும் முன், என்ன நடந்துவிடும் என்று அஞ்சுகிறீர்கள், அது நடக்க 100-க்கு எத்தனை வாய்ப்பு என்று எழுதுங்கள். பணி முடிந்த அன்றே, உண்மையில் நடந்ததையும் அதில் நீங்கள் செய்ததையும் அதன் கீழே எழுதுங்கள். 'நன்றாகப் போயிற்று' என்ற குறிப்பால் பயனில்லை. 'மூன்று கேள்விகள் வந்தன. இரண்டுக்கு அங்கேயே பதில் சொன்னேன், மூன்றாவதை விசாரித்து மறுநாள் தெரிவித்தேன்' என்பதைப் போலச் செயல்களாக எழுத வேண்டும். அதிர்ஷ்டம் கைகொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். வாய்ப்பு வந்த பிறகு நீங்கள் செய்தது என்ன என்பதே அடுத்த வரியாக இருக்கட்டும். கண்ணாடியின் முன் நின்று 'நான் திறமைசாலி' என்று சொல்லிக்கொள்ளும் முறையை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் நம்பாத மனம் உடனே எதிர்வாதம் செய்யத் தொடங்கிவிடும். உங்கள் கையெழுத்திலேயே இருக்கும் பத்துப் பதிவுகளோடு வாதாடுவது அதற்கு அத்தனை எளிதாக இராது.

அளவுக்கு மீறித் தயாராகிறவர், பிழை நேர்ந்தாலும் பெரிய இழப்பில்லாத ஒரு சிறு பணியைத் தேர்ந்து, வழக்கமாகச் செலவிடும் நேரத்தில் பாதியை மட்டும் அதற்கு ஒதுக்கிப் பார்க்கலாம். தள்ளிப்போடுகிறவரின் நிலை சற்று நுட்பமானது. நேரம் போதவில்லை என்ற காரணம் அவருக்கு ஒரு கேடயம். முழு முயற்சி செய்து தோற்றால் குறை தன்னுடையதாகிவிடும் என்ற பயத்திலிருந்து அது அவரைக் காக்கிறது. அந்தக் கேடயத்தை ஒரே நாளில் கீழே வைக்க இயலாது. இன்று இருபது நிமிடம் வேலை செய்து, அரைகுறையாக இருப்பதையே நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் காட்டலாம்.

தோல்வி பயத்துக்கு வலிமை தருவது அதன் தெளிவின்மை. 'தோற்றுவிடுவேன்' என்பதை உடைத்து எழுதிப் பாருங்கள்: சரியாக எது நடக்கும், அதனால் யாருக்கு என்ன இழப்பு, நடந்துவிட்டால் முதல் நாளில் எப்படிச் சரிசெய்வேன், நடக்காமலிருக்க இப்போதே செய்யக்கூடியது என்ன? இப்படி எழுதும்போது, அஞ்சிய விளைவுகளில் பல பொருளிழப்பாகவோ வேலையிழப்பாகவோ இல்லாமல், பிறர் முன் வெட்கப்பட நேருமே என்ற ஒன்றாகச் சுருங்குவதைக் காண்பீர்கள். வெட்கம் வலிக்கும்தான், ஆயினும் அது தாங்கக்கூடியது.

ஐயங்கள் எல்லாமே பொய்யல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். உண்மையிலேயே தெரியாதவை இருந்தால் அவற்றைத் தனியே குறித்து ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ளலாம். கேட்கும்போது 'இது எனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்லப் பழகினால், மறைத்து வைக்க வேண்டியது குறையும். மறைப்பது குறைந்தால் அம்பலமாகிவிடும் என்ற பயமும் குறையும். மூத்தவர் ஒருவரிடம் 'நான் எப்படி இருக்கிறேன்?' என்று பொதுவாகக் கேட்காமல், 'இந்த அறிக்கையில் எந்தப் பகுதி பலவீனமாக இருக்கிறது?' என்று குறிப்பாகக் கேளுங்கள்.

சில இடங்களில் ஐயத்தை விதைப்பவர்கள் உடனிருப்பவர்களே. உங்கள் கருத்துகள் மட்டும் தொடர்ந்து அலட்சியப்படுத்தப்பட்டால், அங்கே மாற வேண்டியது உங்கள் மனம் அன்று. நோட்டில் அந்த நிகழ்வுகளையும் நாளிட்டு எழுதி வையுங்கள்.

இம்போஸ்டர் உணர்வோடு மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்து வருவதுண்டு என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. உறக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, நம்பிக்கையிழப்பு ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ தாமதிக்காமல் அணுகுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அன்றைக்கே அணுகுங்கள். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். வாயால் சொல்லத் தயங்குவதை அவரே படித்துத் தெரிந்துகொள்ள முடியும்.