விலை குறைந்த ட்யூப் ஆம்ப் வாங்கலாமா? வேலூர்ப் பக்கம் கிடார் வாசிக்கிறவர்களுக்கு

வாங்கலாம். ட்யூப் ஆம்ப் என்றால் டிரான்ஸிஸ்டருக்குப் பதில் ட்யூப், அதாவது வால்வு என்கிற கண்ணாடிக் குழல்கள் கிடார் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப். ஆனால் 5 வாட் ஆம்பாகப் பாருங்கள். உள்ளே ஸ்பீக்கரை ஓட்ட ஒரு பவர் ட்யூப், கிடாரின் சின்ன சிக்னலை முதலில் பெருக்க ஒரு ப்ரீஆம்ப் ட்யூப், வெளியே ஒன்றிரண்டு குமிழ், அவ்வளவு போதும். ட்யூப் ஆம்பில் காசு போகிற இடமே டிரான்ஸ்ஃபார்மரும் ஸ்பீக்கரும்தான். குறைந்த விலையிலேயே ரெண்டு சேனல், ரிவர்ப் என்கிற எதிரொலி, பெடல் இணைக்க எஃபெக்ட்ஸ் லூப் எல்லாம் கொடுக்கிறார்கள் என்றால் அந்தக் காசை இந்த ரெண்டிலிருந்துதான் எடுத்திருப்பார்கள். இன்னொரு காரணம், நம்ம ஊரில் இருந்துகொண்டு வாங்குகிற எவருக்கும் இதுதான் பெரிய காரணம்: ஆம்ப் எவ்வளவு எளிமையாக இருக்கிறதோ அவ்வளவு சுலபமாக அதை இங்கேயே ரிப்பேர் பார்க்க முடியும்.

முதலில் அது உண்மையிலேயே ட்யூப் ஆம்ப்தானா என்று பின்பக்கம் குனிந்து பாருங்கள். முன்னால் ஒரு சின்ன ஜன்னல் வைத்து, உள்ளே 12ஏஎக்ஸ்7 என்கிற சின்ன ப்ரீஆம்ப் ட்யூப் ஒன்று மினுங்க, பக்கத்தில் 20 வாட், 50 வாட் என்று போட்டிருந்தால் அதில் ப்ரீஆம்ப் மட்டும்தான் ட்யூப், பவர் பகுதி டிரான்ஸிஸ்டர். ஆரஞ்ச் மைக்ரோ டெரர் அந்த வகைதான், கையடக்கமான ஆம்ப், கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் தேடுவது பவர் ட்யூப் திணறும்போது வருகிற அந்தக் கரகரப்பு என்றால் அது இதில் கிடைக்காது. இஎல்84 அல்லது 6வி6 என்று பெரிய கண்ணாடிக் குழல் ஒன்று தனியாக நிற்க வேண்டும். பழைய ஃபெண்டர் சாம்பில் ஒரு 6வி6, எபிஃபோன் வால்வ் ஜூனியரில் ஒரு இஎல்84. ரெண்டும் 5 வாட்தான்.

5 வாட் போதுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். சத்துவாச்சாரியில் சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் இருந்து சொல்கிறேன், அதுவே அதிகம். வாட் பத்து மடங்கு ஆனால்தான் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய ரெண்டு மடங்காகத் தெரியும். 1 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் வித்தியாசம் 7 டெசிபல்தான். அதனால் வால்யூமை முழுக்கத் திருப்பி வைத்து வாசித்தால்தான் சுகம் என்கிற ஆம்பை இரவு ஒன்பது மணிக்கு மேல் தொடவே முடியாது. புகேரா வி5 மாதிரி 5, 1, 0.1 வாட் என்று மாற்றிக்கொள்ளும் சுவிட்ச் இருப்பதைப் பாருங்கள். சர்ச்சில் டிரம்ஸோடு சேர்ந்து க்ளீனாக வாசிக்கிறவர்களுக்கு 5 வாட் பத்தாது, ஸ்பீக்கர் முன்னால் மைக் வைத்தே ஆக வேண்டும். ராத்திரி ஹெட்ஃபோனில் பழகுகிறவர்கள், வாரம் ஒரு சவுண்ட் தேடுகிறவர்கள், இவர்களுக்கு ட்யூப் வேண்டாம். பாஸ் (Boss) கம்பெனியின் கட்டானா மாதிரி ட்யூப் இல்லாத ஆம்ப் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், நிம்மதி.

அடுத்தது கரண்ட். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த ஆம்ப் என்றால் அது பெரும்பாலும் 120 வோல்ட் ஆம்ப். பின்பக்கத் தகட்டைப் படிக்காமல் நம்ம 230 வோல்டில் சொருகாதீர்கள். ஆம்பூரில் ஒரு நண்பர் சொருகினார், ஃபியூஸ் போனது. அத்தோடு விட்டிருந்தால் பிழைத்திருக்கும். சிகரெட் பெட்டிக்குள் இருக்கிற வெள்ளித் தாளை ஃபியூஸில் சுற்றி மறுபடி போட்டார். வார்னிஷ் தீய்ந்த வாடை அந்த அறையில் ரெண்டு நாள் இருந்தது. புது டிரான்ஸ்ஃபார்மர் சுற்ற ஆன செலவில் அவர் இன்னொரு பழைய ஆம்பே வாங்கியிருக்கலாம். சின்ன 5 வாட் ஆம்புக்கு, 230 வோல்டை 120 ஆக இறக்குகிற 100 விஏ (வோல்ட் ஆம்பியர்) ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போதும், அதற்குச் சோம்பல் படாதீர்கள்.

கோடையில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது வோல்டேஜ் இறங்கும். 190க்கு வந்தால் ட்யூபைச் சூடாக்குகிற 6.3 வோல்ட் ஹீட்டர் இழைக்கு 5.2தான் கிடைக்கும், சத்தம் துவண்டு போகும். ஆம்ப் கெட்டுவிட்டது என்று நினைத்து நான் ஒரு மாசம் அலைந்தேன், கடைசியில் ஒரு ஸ்டெபிலைசரில் சரியானது. எர்த்தும் அதே மாதிரிதான். பழைய வீடுகளில் மூணு ஓட்டை பிளக் இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள், இது உயிர் விஷயம். அப்புறம், வெயிலூர் என்று சும்மா சொல்லவில்லை: ஆம்பின் பின்பக்கத்தைச் சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி வையுங்கள்.

செகண்ட் ஹேண்ட் ஆம்ப் என்றால் உங்கள் கிடாரையும் கேபிளையும் நீங்களே கொண்டுபோங்கள். போனதும் வாசிக்காதீர்கள். ஆன் செய்துவிட்டு, கிடாரைச் சொருகாமல், வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துக் கேளுங்கள். அப்போதே பலமாக 'ஹும்' வந்தால் பவர் சப்ளையில் இருக்கிற கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்க வாய்ப்பு அதிகம், அதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம். பிறகு கிடாரைச் சொருகி வால்யூமைக் கொஞ்சம் ஏற்றுங்கள். 'ஹும்' வந்து, கிடார் கம்பியைத் தொட்டதும் அடங்கினால் கோளாறு கிடார் பக்கமோ எர்த் பக்கமோ. பிறகு விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு பவர் ட்யூபைப் பாருங்கள். நடுவில் ஆரஞ்சாக ஒரு இழை எரிவது சரி, கண்ணாடியின் உட்புறம் நீலமாகப் படர்ந்தாலும் பயமில்லை. உள்ளே சாம்பல் நிறத்தில் இருக்கிற தகடே சிவக்க ஆரம்பித்தால் உடனே அணைக்கச் சொல்லுங்கள். கண்ணாடியின் உச்சியில் வெள்ளி பூசின மாதிரி ஒரு திட்டு இருக்கும், அது பால் மாதிரி வெளுத்திருந்தால் காற்றுப் புகுந்த ட்யூப், அதன் கதை முடிந்தது. பென்சில் முனையால் சின்ன ட்யூபை மெல்லத் தட்டுங்கள். லேசாக 'டிங்' என்றால் பரவாயில்லை, மணி அடித்த மாதிரி நீண்டு ஊளையிட்டால் அதை மாற்ற வேண்டும். இத்தனையும் முடிந்த பிறகு அரை மணி நேரம் வாசியுங்கள், சூடான பிறகுதான் சில ஆம்பில் வெடிப்புச் சத்தம் கிளம்பும்.

நான் என்னுடையதைப் பெங்களூரில் 14,000 ரூபாய்க்கு வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக் காட்பாடிக்குக் கொண்டுவந்தேன். ஆறே மாசத்தில் சத்தம் நின்றுபோனது. கிடார் ஆம்ப் என்றதும் ரெண்டு கடையில் கையை விரித்தார்கள். லாங் பஜார் பக்கம் ஒரு வயதான ரேடியோ மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். மூடியைத் திறந்தவர் முகம் மலர்ந்துவிட்டது. "இது வால்வு ரேடியோதான் தம்பி, ஸ்டேஷன் பிடிக்கிற பாகம் மட்டும் இல்லை" என்றார். உண்மைதான், பழைய ரேடியோக்களில் ஸ்பீக்கரை ஓட்டியதே பல இடங்களில் இந்த இஎல்84தான். அந்தக் காலத்தில் பெங்களூரு பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) கம்பெனியே வால்வு செய்தது (நம்ம ராணிப்பேட்டை பெல் வேறு). ஒரு ரெசிஸ்டரை மாற்றினார், பாட ஆரம்பித்தது. ஏகப்பட்ட சர்க்யூட் பலகை வைத்த பெரிய ஆம்பை அவர் மேஜையில் வைத்திருந்தால் இது நடந்திருக்காது. அப்படி ஒருவர் உங்கள் ஊரிலும் இருப்பார், குடியாத்தமோ வாலாஜாவோ, வாங்கும் முன்பே விசாரித்து வையுங்கள்.

சர்க்யூட் இருக்கிற பெட்டியின் மூடியை நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் 300 வோல்டோ அதற்கு மேலோ தேங்கி நிற்கலாம். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஆம்பை ஆன் செய்வதும் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். சத்தம் டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தால் உள்ளே 6 அல்லது 8 இன்ச் ஸ்பீக்கர் இருக்கும், ஓம் அளவு (ஸ்பீக்கரின் மின்தடை) பொருந்துகிற 12 இன்ச் ஸ்பீக்கர் கேபினட்டில் ஒரு தடவை கொடுத்துப் பாருங்கள், வேறு ஆம்ப் மாதிரி இருக்கும். சின்ன ஆம்புகள் பெரும்பாலும் கேத்தோட் பயாஸ் (ட்யூபில் ஓடுகிற கரண்ட் தானாகவே சரிப்படும் அமைப்பு) என்பதால் ட்யூப் மாற்ற பயாஸ் திருத்தத் தேவையில்லை, அணைத்து ஆறவிட்டு நீங்களே மாற்றலாம். ஜேஜே, எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் எதுவானாலும் சரி, ஒரு செட் கைவசம் இருக்கட்டும். அதோடு தகட்டில் போட்டிருக்கிற அதே ஆம்பியரில் நாலு ஃபியூஸ் வாங்கி, ஒரு கவரில் போட்டு, ஆம்பின் பின்பக்கமே ஒட்டி வையுங்கள்.