டைனமிக் மைக்கா, கண்டென்சர் மைக்கா? நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

குரல் பதிவு செய்யத் தொடங்குபவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. வழக்கமாகக் கிடைக்கும் பதிலும் ஒன்றுதான்: "கண்டென்சர் துல்லியமானது, ஆனால் அறையில் இருக்கும் சத்தத்தையெல்லாம் இழுத்துவிடும். டைனமிக் அதை வடிகட்டிவிடும்." இதில் பாதிதான் சரி. டைனமிக் மைக்குக்குள் சத்தத்தை வடிகட்டும் அமைப்பு எதுவும் கிடையாது. பின்னணிச் சத்தம் எவ்வளவு ஏறும் என்பதை மைக்கின் வகையைவிட, அதற்கும் உங்கள் வாய்க்கும் உள்ள தூரம்தான் அதிகம் முடிவு செய்கிறது. இதை உங்கள் காதாலேயே உறுதி செய்துகொள்ளலாம். இரண்டு மைக்குகளையும் ஒரு நாளைக்கு இரவல் வாங்கினால் போதும்.

படி 1: உள்ளே என்ன நடக்கிறது?

டைனமிக் மைக்கில் ஒரு மெல்லிய சவ்வும், அதோடு ஒட்டிய கம்பிச் சுருளும், சுற்றிலும் காந்தமும் இருக்கும். குரல் பட்டுச் சவ்வு அசையும்போது சுருளும் காந்தப்புலத்துக்குள் அசைந்து மின்சாரத்தை உண்டாக்குகிறது. இதற்கு வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை. ஆனால் சுருளின் எடையையும் சேர்த்து ஆட்ட வேண்டியிருப்பதால், மிக நுண்ணிய உயர் ஒலிகளில் கொஞ்சம் மந்தம் தெரியும். 1966-இல் வந்து இன்றும் மேடைகளில் புழங்கும் ஷூர் எஸ்எம்58 மைக் 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரை பதிவு செய்கிறது.

கண்டென்சரில் சுருள் இல்லை. மின்னேற்றம் பெற்ற தகடு ஒன்றும், அதற்கு மிக அருகில் எடையே இல்லாதது போன்ற மெல்லிய சவ்வும் இருக்கும். சவ்வு அசைய, இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மாறி, அதுவே மின் சிக்னல் ஆகிறது. 1916-இல் வென்டி என்ற பொறியாளர் உருவாக்கிய முறை இது. சவ்வு லேசானது என்பதால் 20,000 ஹெர்ட்ஸ் வரை சுலபமாகப் போகும். உள்ளே சிறிய ஆம்ப்ளிஃபையரும் இருப்பதால் மின்சாரம் கட்டாயம் வேண்டும். பெரும்பாலும் இன்டர்ஃபேஸிலிருந்து (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) மைக் கேபிள் வழியாகவே 48 வோல்ட் வரும். இதற்குப் பெயர் ஃபாண்டம் பவர். யூஎஸ்பி கண்டென்சர் என்றால் அந்த கேபிளே மின்சாரத்தையும் கொடுத்துவிடும்.

படி 2: இணைப்பு

இன்டர்ஃபேஸில் கெயினை (மைக் சிக்னலைப் பெருக்கும் அளவு) முழுதாகக் குறைத்துவிட்டு, எக்ஸ்எல்ஆர் எனப்படும் மூன்று முனை மைக் கேபிளைச் செருகுங்கள். கண்டென்சர் என்றால் அதற்குப் பிறகுதான் 48 வோல்ட் பொத்தானை அழுத்த வேண்டும். சரியான கேபிளில் இணைத்த டைனமிக் மைக்குக்கு ஃபாண்டம் பவரால் கெடுதல் வராது. சவ்வுக்குப் பதில் மெல்லிய உலோக நாடா உள்ள பழைய ரிப்பன் மைக்குகளுக்கு மட்டும் கவனம் தேவை.

புதியவர்கள் அடிக்கடி தவறவிடும் இன்னொன்று: பெரிய சவ்வுள்ள கண்டென்சர்களில் பெரும்பாலானவற்றின் முகம் பக்கவாட்டில் இருக்கும். நுனியைப் பார்த்துப் பேசினால் குரல் மங்கிக் கேட்கும். சின்னமோ பெயரோ பொறித்த பக்கம் உங்களைப் பார்த்து இருக்கட்டும்.

படி 3: தூரம்

நிதானமாகச் செய்ய வேண்டிய படி இது. மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். அறையின் எதிரொலியோ ஏறக்குறைய அப்படியே இருக்கும். 20 சென்டிமீட்டரிலிருந்து 5-க்கு வந்தால் 12 டெசிபல் லாபம். டைனமிக் "சத்தத்தை வடிகட்டுகிறது" என்று தோன்றுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். அதை எல்லோரும் உதட்டருகே வைத்துப் பேசுகிறார்கள், கண்டென்சரை ஒரு சாண் தள்ளி வைக்கிறார்கள்.

நெருங்குவதற்கும் ஒரு விலை உண்டு. முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும் கார்டியாய்டு மைக்குகளில், டைனமிக்கோ கண்டென்சரோ எதுவானாலும், நெருங்க நெருங்கக் குரலின் அடித்தொனி கனத்துக்கொண்டே போகும். 'ப' போன்ற எழுத்துகளில் காற்று மோதி வெடிக்கும். மைக்கைச் சற்றே சாய்த்து வையுங்கள், காற்றைத் தடுக்கும் வலைத்திரையான பாப் ஃபில்டரும் போடுங்கள். கார்டியாய்டு மைக்குக்குப் பின்பக்கம் காது மந்தம் என்பதால், மின்விசிறியோ கணினியோ அந்தத் திசையில் இருப்பது நல்லது.

படி 4: கெயின்

டைனமிக் தரும் சிக்னல் மெலிந்தது. ஷூர் எஸ்எம்7பி என்ற டைனமிக்கும் ரோட் என்டி1-ஏ என்ற கண்டென்சரும் ஒரே குரலைக் கேட்டால், இரண்டாவது ஏறக்குறைய 27 டெசிபல் கூடுதலாகக் கொடுக்கும். அதனால் டைனமிக்குக்கு கெயினை நிறைய ஏற்ற வேண்டும். இன்டர்ஃபேஸ் சுமாரானதாக இருந்தால் 'உஸ்' என்ற இரைச்சல் எட்டிப்பார்க்கும். வாங்கும் முன் யோசிக்க வேண்டிய செலவு இது. எந்த மைக்காக இருந்தாலும், உரக்கப் பேசும் இடங்களில் மீட்டர் -12 டெசிபலை ஒட்டி நிற்கும்படி வையுங்கள்.

படி 5: ஒப்பீடு

ஒரே பத்தியை மூன்று முறை வாசியுங்கள்: டைனமிக்கில் 15 சென்டிமீட்டர் தூரத்தில், கண்டென்சரில் அதே 15-இல், அப்புறம் டைனமிக்கில் 5-இல். ஒவ்வொன்றின் முடிவிலும் அரை நிமிடம் பேசாமல் இருங்கள். அறையின் சத்தம் தனியாகப் பதியட்டும்.

பிறகு மூன்றிலும் குரலின் அளவைச் சமமாக்குங்கள். இதைத் தவிர்த்தால் ஒப்பீடே வீண். சத்தமாகக் கேட்பதைக் காது எப்போதும் 'நல்லது' என்று எடுத்துக்கொள்ளும். கோப்புகளின் பெயரை மறைத்து வேறு யாரையாவது ஒலிக்கச் சொல்லி ஹெட்போனில் கேளுங்கள். 'ச', 'ஸ' ஒலிகளின் கூர்மை, மூச்சு, வார்த்தைகளுக்கு நடுவே வரும் எதிரொலி ஆகியவற்றைக் கவனியுங்கள். முதல் இரண்டு பதிவுகளின் எதிரொலி ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கும். கண்டென்சரில் உயர் ஒலிகள் தெளிவாக விழுவதால் சின்னச் சின்னச் சலசலப்பு கூடுதலாகக் கேட்கலாம். மூன்றாவதில் அறை சட்டென்று பின்வாங்கும்.

படி 6: முடிவு

வெற்றுச் சுவர்கள் உள்ள அறை, ஒரே மேசையில் பலர் பேசும் உரையாடல், மேடை, டிரம்ஸ் என்றால் டைனமிக். அமைதியான அறையில் மென்மையான குரல், அக்கூஸ்டிக் கிட்டார், வயலின் என்றால் கண்டென்சர். அந்த நுணுக்கத்தை டைனமிக்கால் முழுதாகத் தர முடியாது. எதிரொலிக்கும் அறையில் கண்டென்சர்தான் வேண்டும் என்றால், முதலில் தடித்த போர்வைகளைச் சுற்றித் தொங்கவிட்டுப் படி 5-ஐ மறுபடி செய்து பாருங்கள். வேறு மைக் வாங்குவதைவிட அது அதிகம் உதவும்.

கண்டென்சருக்கு ஈரப்பதம் ஆகாது. வேலை முடிந்ததும் 48 வோல்ட்டை அணைத்து, சில விநாடிகள் விட்டுக் கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். டைனமிக்கை ஸ்டாண்டிலேயே விட்டுவிடலாம்.