கிரேக்கர் என்ற பெயரை விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

'கிரீக்' என்ற ஆங்கிலச் சொல்லை விளக்கப் புகுவோர் பலர், அது ரோமானியர் தாமாகவே புனைந்து அயலாருக்குச் சூட்டிய பெயர் என்று எழுதிவிடுகின்றனர். 'கிரைக்கி' என்ற இலத்தீன் வடிவத்தின் வழியாகவே அது ஆங்கிலத்தை அடைந்தது என்பது உண்மை. ஆனால் அதற்கு இணையான 'கிரைகோய்' என்ற பெயர் கிரேக்க நூல்களிலேயே உண்டு. டொடோனா என்ற ஊரையும் அகெலோஸ் ஆற்றையும் சூழ்ந்த வடமேற்குக் கிரேக்கப் பகுதியில், முன்பு கிரைகோய் எனவும் தம் காலத்தில் ஹெலனியர் (கிரேக்கர் தமக்கே வழங்கிக்கொண்ட பெயர்) எனவும் அழைக்கப்பட்டோர் வாழ்ந்ததாக அரிஸ்டாட்டில் குறிப்பிடுகிறார். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் பாரோஸ் தீவில் பொறிக்கப்பட்ட கல்வெட்டும் இதே பெயர் மாற்றத்தைச் சொல்கிறது. எந்தக் குடியினரிடமிருந்து இத்தாலியர் இப்பெயரைப் பெற்றனர் என்பதில்தான் அறிஞரிடையே கருத்து வேறுபாடு. நடுக் கிரேக்கத்தில் உள்ள போயோட்டியா நாட்டின் கிரையா என்ற ஊராரிடமிருந்து வந்தது என்பது ஊகமே. அதை முடிந்த முடிபாக எழுதலாகாது.

கிரேக்கர் தம் நாட்டை இன்றும் 'எல்லாதா' என்றே அழைக்கின்றனர். இதனோடு தொடர்புடைய ஹெலனியர் என்ற பெயருக்குத் தொன்மம் காட்டும் மூதாதை தெயுகலியோனின் மகன் ஹெல்லென். தமிழில் எழுத்துகள் நெருங்கிவருவதால் இவரை டிராய்ப் போருக்குக் காரணமான ஹெலனோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. இவ்விருவருக்கும் தொடர்பில்லை. ஹோமரின் காவியங்களில் ஹெலனியர் என்ற பெயர் பெரும்பாலும் தெசாலிப் பகுதியின் ஒரு சிறு குடியினரையே குறிக்கிறது. கிரேக்கப் படையினர் அங்கே அகாயர், தனாயர், ஆர்கிவர் என்றே வருகின்றனர்.

பைசாந்தியக் காலத்தை, அதாவது கான்ஸ்டாண்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமப் பேரரசின் காலத்தைப் பற்றி எழுதும்போது கூடுதல் கவனம் தேவை. கிரேக்கம் பேசிய அம்மக்கள் தம்மை 'ரோமாயோய்', அதாவது ரோமானியர் என்றே சொல்லிக்கொண்டனர். கிறித்தவம் பரவிய பின் 'ஹெலனியர்' என்பது நெடுங்காலம் பழைய தெய்வங்களை வணங்குவோரைக் குறித்தது. இதை மறந்து பழைய ஆவணங்களை வாசித்தால் பொருள் தலைகீழாகிவிடும்.

தமிழில் மிகுதியாகக் காணப்படும் தவறு, சங்கப் பாடல்களின் யவனரை எல்லா இடத்திலும் கிரேக்கர் என்றே கொள்வதுதான். சிறிய ஆசியாவின் மேற்குக் கரையில் வாழ்ந்த கிரேக்கக் குடியினரான இயோனியரின் பெயரே பாரசீகத்தில் 'யௌனா' என்றும் வடமொழியில் 'யவன' என்றும் வழங்கியது. தமிழிலோ அது மேற்றிசையிலிருந்து வந்தோர் பலருக்கும் பொதுவாயிற்று. அதற்காக எல்லாரையும் ரோமானியர் என்று மாற்றி எழுதுவதும் பொருந்தாது. முசிறி வணிகத்துக்கான கடன் ஒப்பந்தத்தைத் தாங்கிய, இப்போது வியன்னாவில் உள்ள கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் (நாணல் தாள்) ஆவணம், ரோம ஆட்சிக்கு உட்பட்ட எகிப்தில் கிரேக்க மொழியில்தான் எழுதப்பட்டது.