மாற்றுப் பாதைகளை ஆராய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூருவில் நான் பணிபுரியும் ஆய்வகத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு மாதத்தில் புதிய ஆய்வு மாணவர்கள் வருகிறார்கள். மதுரை, திருநெல்வேலி, சேலம் பக்கத்தவர்கள் அவர்களில் எப்போதும் சிலர் இருப்பதால், எங்கள் விவாதங்களில் பாதி தமிழிலேயே நடக்கிறது. ஈ. கோலை பாக்டீரியாவில் ஒரே பொருளைத் தயாரிக்கும் இரண்டு வளர்சிதை மாற்றப் பாதைகளை (நொதிகள் நடத்தும் வேதிவினைத் தொடர்களை) எடுத்துக்கொண்டு, ஒன்றை நீக்கினால் மற்றது எவ்வாறு ஈடுகட்டுகிறது என்று பார்ப்பதுதான் பெரும்பாலும் அவர்களுக்குத் தரப்படும் முதல் வேலை. எங்கள் தலைமுறை தடுக்கி விழுந்த அதே இடங்களில் இவர்களும் விழுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். பிளேட்டில் பெயர் எழுத மறப்பது, ஊடகத்தில் மாசு கலப்பது போன்றவை சில வாரங்களில் தாமே திருந்திவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

"வளர்ச்சி குறையவில்லை, எனவே இந்தப் பாதை தேவையில்லை"

மிக அதிகமான உழைப்பை வீணாக்கும் தவறு இதுதான். 2006இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட கேயோ தொகுப்பில், ஈ. கோலையின் ஏறத்தாழ 4,300 மரபணுக்களில் 3,985 மரபணுக்கள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டும் அந்தத் திரிபுகள் (மரபணு மாற்றிய பாக்டீரியா வகைகள்) உயிர் பிழைத்தன. இந்த எண்ணைக் கேட்டதும், பெரும்பாலான மரபணுக்கள் உபரிதான் என்ற எண்ணம் புதியவர்கள் மனத்தில் பதிந்துவிடுகிறது. ஆனால் அத்திரிபுகள் உருவாக்கப்பட்டது சத்து நிறைந்த எல்.பி. ஊடகத்தில். அமினோ அமிலங்களை ஊட்டி வளர்க்கும் ஊடகத்தில், அமினோ அமிலம் தயாரிக்கும் பாதை இல்லாமற்போனது எப்படித் தெரியவரும்?

சர்க்கரையும் உப்புகளும் மட்டுமே கொண்ட குறைந்தபட்ச ஊடகத்துக்கு மாறிவிட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். அம்மோனியத்தைக் குளூட்டமேட்டாக மாற்ற ஈ. கோலையிடம் இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, குளூட்டமேட் டிஹைட்ரஜனேஸ் என்ற ஒற்றை நொதி. அது செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழிப்பதில்லை, ஆனால் அம்மோனியம் தாராளமாக இருந்தால்தான் சரியாக இயங்கும். இரண்டாவது, குளூட்டமைன் சிந்தெட்டேஸும் குளூட்டமேட் சிந்தேஸும் சேர்ந்து நடத்தும் வழி. அதில் ஒவ்வொரு குளூட்டமேட்டுக்கும் ஓர் ஏடிபி செலவாகும், ஆனால் மிகக் குறைந்த அம்மோனியத்தையும் அது பற்றிக்கொள்ளும்.

இங்கிருந்த ஒரு மாணவி குளூட்டமேட் சிந்தேஸை நீக்கிய திரிபையும் எதுவும் நீக்காத தாய்த் திரிபையும் எம்9 என்ற குறைந்தபட்ச ஊடகத்தில் வளர்த்துவிட்டு, "அண்ணா, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வளருது, இந்தப் பாதை சும்மாதான் இருக்கு" என்றார். ஆய்வேட்டின் ஓர் அத்தியாயமே அந்த முடிவின் மேல் எழுந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர், ஊடகத்தில் அம்மோனியம் எவ்வளவு என்று மட்டும் கேட்டார். வழக்கமான எம்9 ஊடகத்தில் லிட்டருக்கு 1 கிராம் அம்மோனியம் குளோரைடு சேர்க்கிறோம்; அது கிட்டத்தட்ட 19 மில்லிமோலார். அவ்வளவு இருக்கும்போது முதல் வழி ஒன்றே போதும். அம்மோனியத்தை 1 மில்லிமோலாருக்குக் கீழே இறக்கியதும் அந்தத் திரிபின் வளர்ச்சி நின்றுவிட்டது; அத்தியாயத்தை முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் இது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த செய்தி. ஒவ்வொரு புதிய அணியிலும் யாராவது ஒருவர் இதே பிழையை வேறொரு மரபணுவில் செய்வதைப் பார்க்கையில் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது, ஏனெனில் ஊடகத்தின் செய்முறைத் தாளை ஒருமுறை நிதானமாகப் படித்திருந்தாலே இதைத் தவிர்த்திருக்கலாம். (அவ்வளவு குறைந்த அம்மோனியம் குடுவையில் விரைவில் தீர்ந்துவிடும், ஆகவே தாய்த் திரிபையும் அருகில் வைத்து, தொடக்க மணிநேரங்களின் வேகத்தை ஒப்பிட வேண்டும்.)

மறுபக்கத்தையும் பாருங்கள். குளூட்டமேட் டிஹைட்ரஜனேஸை நீக்கினால் தனிக் குடுவையில் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் அதைத் தாய்த் திரிபோடு கலந்து, குளுக்கோஸ் பற்றாக்குறையாக இருக்கும் கீமோஸ்டாட்டில் (புதிய ஊடகம் தொடர்ந்து பாயும் வளர்ப்புக் கலனில்) வளர்த்தால், ஏடிபியை மிச்சப்படுத்த முடியாத அந்தத் திரிபு படிப்படியாகத் தோற்றுப்போகிறது. ஃபியூமரேஸ் நொதிகளும் அப்படித்தான்: ஒன்றில் இருக்கும் இரும்பு-கந்தகக் கொத்து, ஆக்சிஜனின் தீவிர வடிவமான சூப்பராக்சைடால் சிதையும், அக்கொத்தே இல்லாத இன்னொன்று தாங்கும், ஆக்சிஜனேற்ற அழுத்தம் தராமல் சோதித்தால் இரண்டாவது உபரியாகத்தான் தோன்றும். ஆகவே "தேவையில்லை" என்று எழுதாதீர்கள். "இந்த ஊடகத்தில், இந்த வெப்பநிலையில், தனியாக வளர்த்தபோது வேறுபாடு தெரியவில்லை" என்று எழுதுங்கள்.

குளுக்கோஸ் மட்டும்

பாஸ்போஈனால்பைருவேட்டைப் பைருவேட்டாக மாற்றும் இரண்டு பைருவேட் கைனேஸ் நொதிகளையும் நீக்கிய ஈ. கோலை குளுக்கோஸில் வளரும், ரைபோஸில் வளராது. குளுக்கோஸை உள்ளே இழுக்கும் பாஸ்போடிரான்ஸ்ஃபெரேஸ் அமைப்பே அந்த மாற்றத்தைச் செய்துவிடுவதுதான் காரணம். குறைந்தது இன்னொரு சர்க்கரையிலாவது சோதிக்காமல் எந்த முடிவும் வேண்டாம்.

இரட்டை நீக்கத்தில் பெரிய காலனியைத் தேர்ந்தெடுப்பது

இரண்டு பாதைகளையும் நீக்கிய பிறகு பிளேட்டில் ஊசிமுனை அளவுக் காலனிகள் பலவும், நன்கு வளர்ந்த காலனிகள் ஓரிரண்டும் தோன்றும். கை இயல்பாகவே பெரியதை நோக்கிப் போகும். அது பெரும்பாலும் வேறெங்கோ ஒரு திடீர்மாற்றத்தால் குறையைச் சரிசெய்துகொண்ட திரிபு. அதை வைத்து அளப்பது எல்லாம் அந்தத் திடீர்மாற்றத்தின் அளவீடுதான். சிறிய காலனியை எடுத்து உடனே கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் சேமியுங்கள். பாக்டீரியாக்களுக்கிடையே டிஎன்ஏவைக் கொண்டுசெல்லும் வைரஸான பி1 ஃபேஜ் கொண்டு அதே நீக்கத்தைப் புதிய தாய்த் திரிபுக்கு மாற்றி, முடிவு மீண்டும் வருகிறதா என்று பாருங்கள். நீக்கிய மரபணுவைப் பிளாஸ்மிடில் (தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வளையத்தில்) திருப்பித் தந்தால் குறை மறைய வேண்டும்.

கனாமைசின் கேசட்

நீக்கிய மரபணுவின் இடத்தில் வைத்த கனாமைசின் எதிர்ப்பு மரபணுத் துண்டு இது. அளக்கும் முன் எஃப்எல்பி ரீகாம்பினேஸ் என்ற நொதி கொண்டு வெட்டி எடுத்துவிடுங்கள்.

பிசிஆர் செய்யாத திரிபு

பிசிஆர் மூலம் டிஎன்ஏவைச் சோதிக்காவிட்டால் தெரியாது: நீக்கிய மரபணுவின் இன்னொரு படி உள்ளேயே இருக்கலாம்.

எம்ஆர்என்ஏ கூடினால் பாய்வும் கூடியது என்று எழுதுவது

எம்ஆர்என்ஏ என்பது நொதியைத் தயாரிப்பதற்கான மரபணுவின் நகல் மட்டுமே. நொதியின் அளவு வேறு, அதன் வழியே ஓடும் கார்பனின் அளவு, அதாவது பாய்வு, வேறு. பாய்வை அறியக் கார்பனின் கனமான வடிவமான கார்பன்-13 வேண்டும், அதிலும் எந்தக் கார்பனில் குறியிடுகிறோம் என்பது முக்கியம். குளுக்கோஸை உடைக்கும் மூன்று பாதைகளைப் பாருங்கள். முதல் கார்பனில் குறியிட்ட குளுக்கோஸைக் கொடுத்தால், கிளைகாலிசிஸ் வழியே அந்தக் குறி பைருவேட்டின் மூன்றாம் கார்பனுக்கும், என்ட்னர்-டூடோராஃப் பாதை வழியே முதல் கார்பனுக்கும் போகும். பென்டோஸ் பாஸ்பேட் பாதையில் அது கார்பன் டையாக்சைடாக வெளியேறிவிடும். எல்லாக் கார்பன்களிலும் குறியிட்ட குளுக்கோஸை மட்டும் கொடுத்தால் இந்த மூன்றையும் பிரித்தறிய முடியாது. ஒரே வினையைச் செய்யும் இரண்டு ஐசோஎன்சைம்களைக் குறியிடலாலும் பிரிக்க முடியாது, ஏனெனில் இரண்டிலும் கார்பன் ஒரே இடத்துக்குத்தான் போகிறது. அங்கே நீக்கத் திரிபுகளும் நொதி அளவீடும்தான் உதவும்.

மிகையாக உற்பத்தி செய்து மீட்டதை மாற்றுப் பாதை என்று அழைப்பது

குறைந்தபட்ச ஊடகத்தில் வளர முடியாத 104 நீக்கத் திரிபுகளில் 21 திரிபுகளை, வேறு மரபணுக்களை மிகையாக உற்பத்தி செய்து மீட்க முடிந்தது என்று 2007இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அருமையான முடிவு அது. ஆனால் அந்த மரபணுக்கள் இயல்பான அளவில் இருந்தபோது திரிபு வளரவில்லை என்பதை மறக்கக் கூடாது. பிளாஸ்மிடில் பல படிகள் வைத்துக் கிடைத்த வளர்ச்சி, பரிணாமத்தில் என்ன சாத்தியம் என்பதைச் சொல்கிறது. அந்தப் பாக்டீரியாவுக்குள் இன்று இரண்டாவது பாதை இயங்குகிறது என்று சொல்லவில்லை.