சட்டக் கல்லூரிக்கு முன்னால் ஒரு டிகிரி: வேலைக்குப் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

போன மாதம் கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஒரு பையன். சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. பிளாஸ்டிக் கவருக்குள் பி.ஏ. சான்றிதழ். "அண்ணே, எல்.எல்.பி.க்கு அப்ளிகேஷன் போடணும்" என்றான். பிளஸ் டூ மார்க் ஷீட் எங்கே என்றேன். "கெமிஸ்ட்ரி போயிடுச்சுண்ணே. அதான் திறந்தநிலைப் பல்கலையில நேரா டிகிரி சேர்ந்துட்டேன்."

வயிற்றைப் பிசைந்தது. அதே கவரோடு நின்றவன்தான் நானும். இங்கே பெரிய சறுக்கல்களை மட்டும் சொல்கிறேன்; விண்ணப்பத்தில் பெயரில் எழுத்துப் பிழை, கடைசித் தேதி போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதற்கெல்லாம் வக்கீல் வேண்டாம்.

பிளஸ் டூவைத் தாண்டிக் குதிப்பது

நான் அப்போது வக்கீல் குமாஸ்தா. பிளஸ் டூவில் கணக்கில் ஃபெயில். சேர்க்கை பிடித்துத் தரும் ஓர் ஆள், "பதினெட்டு வயசு போதும், பிளஸ் டூவெல்லாம் எதுக்கு?" என்றார். சேர்ந்தேன். பகலில் கட்டு தூக்கி, ராத்திரியில் வரலாறு படித்து, மூன்று வருஷத்தில் பட்டமும் வாங்கினேன்.

சட்டக் கல்லூரி கவுண்டரில் இருந்தவர் தாள்களைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "பட்டம் சரி. அதுக்கு அடியில என்ன இருக்கு?"

சட்டப் படிப்புக்கு விதி வகுக்கும் இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளில், 5-ஆம் விதி இதைத்தான் சொல்கிறது. அடிப்படைத் தகுதி இல்லாமல் திறந்தநிலையில் நேரடியாகப் பெற்ற பட்டம் எல்.எல்.பி. சேரச் செல்லாது. பலர் இதை 'தொலைநிலைப் பட்டமே செல்லாது' என்று புரிந்துகொண்டு பயப்படுகிறார்கள். அதுவும் தப்பு. பத்து, பிளஸ் டூ, டிகிரி என்று வரிசை சரியாக இருந்தால், பிளஸ் டூவையோ டிகிரியையோ அஞ்சல் வழியில் படித்திருந்தாலும் சேரலாம். அடிப்படைப் பட்டம் இல்லாமல் நேரடியாக வாங்கிய எம்.ஏ.வையும் 2009-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

நான் அதோடு நிறுத்தினேனா? கணக்கை எழுதிப் பாஸ் செய்து, மார்க் ஷீட்டைப் பட்டத்தோடு பின் அடித்துக்கொண்டு மறுபடி போனேன். அவர் இரண்டு தேதிகளையும் பென்சிலால் வட்டமிட்டார். பிளஸ் டூ, பட்டத்துக்குப் பிறகு வந்திருந்தது. திரும்ப பி.ஏ. முதல் வருஷம். மொத்தம் ஆறு வருஷம், இரண்டு முறை கட்டணம். அந்த ஆள் வாங்கிய கமிஷன்கூடப் பரவாயில்லை. ஒரே ஒரு கணக்குப் பேப்பர்தானே என்பதுதான் இன்றைக்கும் எரிகிறது. தோற்ற பாடத்தை மட்டும் துணைத்தேர்வில் எழுதியிருக்கலாம். இல்லையென்றால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கலாம்.

பாஸானால் போதும் என்பது

பட்டம் கைக்கு வரும், சீட் வராது. பார் கவுன்சில் கேட்கும் குறைந்தபட்ச மதிப்பெண் பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம், பிற்படுத்தப்பட்டோருக்கு 42, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40. அது வாசல்படிதான். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் படிப்புக்குத் தரவரிசையே டிகிரி மார்க்கை வைத்துத்தான்.

பல்கலைக்கழகத்தின் பேரை மட்டும் பார்ப்பது

யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) தொலைநிலை அங்கீகாரம் தருவது படிப்பு வாரியாக, காலம் குறித்து. அண்ணன் படித்த வருஷம் இருந்தது தம்பி சேரும் வருஷம் இல்லாமல் போகலாம். யு.ஜி.சி. தளத்தில் அந்தப் படிப்பின் பெயரும் நீங்கள் சேரும் பருவமும் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இன்னொன்று: மாநிலப் பல்கலைக்கழகம் தன் மாநில எல்லைக்கு வெளியே தொலைநிலை மையம் நடத்தக் கூடாது. கடலூரிலிருந்து புதுச்சேரி ஒரு பஸ் தூரம்தான், ஆனால் அது வேறு எல்லை.

விலை குறைவு என்று முன்பின் தெரியாத இடத்தில் சேர்வது

அதற்குப் பதில் மத்திய அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ இருக்கிறது, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

எல்.எல்.பி.யையும் அஞ்சலில் முடிக்கலாம் என்பது

முடியாது. நேரில் போக வேண்டும், ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். ஷிஃப்ட் ஆட்கள் இதை டிகிரி சேரும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பையனிடம் இதையெல்லாம் சொன்னபோது ஜெராக்ஸ் எடுக்காமலே கவரை மூடினான். பத்து நாள் கழித்து போன்: "அண்ணே, கெமிஸ்ட்ரிக்குப் பணம் கட்டிட்டேன்."