பழைய வீட்டுச் சுவரில் அடுக்கடுக்காக வால்பேப்பர்: உரிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

இங்கிலாந்தில் நாங்கள் குடியிருப்பது விக்டோரியா காலத்து வரிசை வீடுகளில் ஒன்று. மாடி அறைக்குப் புதிதாகப் பெயின்ட் அடிக்க எண்ணிச் சுவரின் ஓரத்தைச் சுரண்டியபோது, மேலே தெரிந்த வால்பேப்பருக்கு அடியில் இன்னொன்றும் அதற்கடியில் வேறொன்றுமாக ஐந்து தாள்கள் வெளிப்பட்டன. பழைய தாளை உரிக்காமல் அதன்மேலேயே புதியதை ஒட்டிவிடும் வழக்கம் இங்கே இருந்ததால், நூறாண்டு கண்ட வீடுகளில் இது அபூர்வமல்ல. நீராவியால் தாளை இளக்கும் ஸ்டீமரை வைத்து ஒரே நாளில் எல்லாவற்றையும் உரித்துக் குப்பையில் போட்டுவிட முடியும். ஆனால் அந்த அறையில் முன்பு வாழ்ந்தவர்கள் எந்த நிறத்தைப் பார்த்துக் கண்விழித்தார்கள் என்பதற்கு வேறு சாட்சியே கிடையாது. அதனால், ஒரு சாண் அகலத் துண்டையாவது முறையாக எடுத்து வைத்துவிட்டுப் பிறகு உரியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதல் படி: கத்தியை எடுக்கும் முன்

உங்கள் வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருந்தால், உள்ளாட்சி மன்றத்தைக் கேட்காமல் எதையும் தொடாதீர்கள். அனுமதி பெற வேண்டிய வேலையை அனுமதியின்றிச் செய்வது இங்கே குற்றமாகும். தாளின்மேல் பெயின்ட் அடித்திருந்தால், 1960களுக்கு முந்திய பெயின்டில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. சுவரிலோ கூரையிலோ மேடுபள்ளமான ஆர்டெக்ஸ் பூச்சு இருந்தால், 1980களின் நடுப்பகுதி வரை அதில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சேர்த்து வந்தார்கள் என்பதை நினைவில் வைத்து, சோதனைக்கூடத்தில் பரிசோதித்து முடிவு தெரியும் வரை அதைச் சுரண்டாதீர்கள்.

19ஆம் நூற்றாண்டுத் தாள்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 1775இல் ஷீலே என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த பச்சை நிறமியில் செம்போடு ஆர்சனிக்கும் இருந்தது. அந்த வகை நிறமிகள் சுவர்த்தாள்களில் தாராளமாகப் பயன்பட்டன. பச்சை தெரிகிறதோ இல்லையோ, கையுறையும், நுண்தூசியை வடிகட்டும் எஃப்எஃப்பி3 வகை மாஸ்க்கும் அணிந்து, தூசு பறக்காதபடி ஈரத்தோடு வேலை செய்யுங்கள். அந்தச் சுவரில் உள்ள மின் இணைப்பை மெயினிலேயே அணைத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: இடத்தைத் தேர்ந்தெடுத்துப் படிக்கட்டு போலத் திறப்பது

வெயில் படாத இடத்தில்தான் நிறம் நின்றிருக்கும். கணப்படுப்பின் பக்கவாட்டில் உள்ள சுவரலமாரியின் உட்புறம், ஸ்விட்ச் பெட்டியின் ஓரம், ரேடியேட்டரின் பின்புறம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். அங்கே மேல்தாளில் 25 செ.மீ. சதுரத்தைத் திறந்து, அதற்குள் அடுத்த தாளில் 20 செ.மீ., அதற்குள் 15 செ.மீ. என்று குறைத்துக்கொண்டே போனால், எல்லாத் தாள்களின் விளிம்பும் ஒரே பார்வையில் தெரியும். பக்கத்தில் அளவுகோலை வைத்துப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள்.

எங்கள் அலமாரிக்குள் மேலாக இருந்தது வெள்ளை பெயின்ட் பூசிய, மரச்சீவல் பொதிந்த சொரசொரத் தாள். அதன் கீழே ஆரஞ்சும் பழுப்புமாகப் பெரிய வட்டங்கள். மூன்றாவது சிறு ரோஜாக்கள். நான்காவது ஓட்ஸ் கஞ்சியின் நிறத்தில், மேல்விளிம்பில் இலையுதிர்கால இலைகளைக் கத்தரித்து ஒட்டிய பட்டையோடு இருந்தது. இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தின் விருப்பம் இது. ஐந்தாவது, சுண்ணாம்புக் காரையை ஒட்டியிருந்த மெல்லிய தாள். அதில் நீல நிறத்தில் ஒரு பூங்கொடி ஓடியது.

மூன்றாம் படி: கட்டாக எடுத்து, பிறகு பிரிப்பது

சுவரிலேயே ஒவ்வொரு தாளாக உரிக்க முயன்றால் கிழிந்துவிடும். தாள் சுவரை விட்டு உப்பியிருக்கும் இடமாகப் பார்த்து, திறந்த சதுரத்துக்குப் பக்கத்தில் காரை வரை கத்தியால் வெட்டி, மெல்லிய பட்டி பிளேடை அடியில் நுழைத்து, ஐந்து தாள்களையும் ஒரே கட்டாக உலர்ந்த நிலையிலேயே எடுங்கள். பிறகு அதை ஈரமான, சொட்டாத பருத்தித் துணிகளுக்கு நடுவே வைத்து, பிளாஸ்டிக் உறையால் மூடி அரை மணி நேரம் விடுங்கள். பழைய தாள்களை மாப்பசையால்தான் ஒட்டினார்கள். நம் ஊரில் சுவரொட்டிக்குக் காய்ச்சும் பசையைப் போன்றதே. அது ஈரத்தில் ஊறி இளகியதும், மழுங்கிய கத்தியை ஓரத்தில் செருகினால் தாள்கள் ஒவ்வொன்றாகப் பிரியும். பிரியாவிட்டால் இழுக்காமல் மீண்டும் மூடி வையுங்கள்.

இங்கே ஒரு தவறு செய்தேன். முதலில் எடுத்த கட்டில், நீலக்கொடித் தாளின் முகத்தில் படிந்திருந்த அழுக்கை ஈர ஸ்பாஞ்சால் துடைத்தேன். ஒரே இழுப்பில் கொடி முழுவதும் ஸ்பாஞ்சோடு வந்துவிட்டது. அக்காலத்து மலிவான தாள்களில் நிறமியைச் சுண்ணத்தூளோடும் தச்சர்கள் பயன்படுத்தும் வஜ்ஜிரம் போன்ற பசையோடும் கலந்து அச்சிட்டார்கள். அது தண்ணீர் தாங்காது. முகத்தில் எதையும் தேய்க்காதீர்கள், ஈரம் பின்புறத்திலிருந்தே ஏறட்டும். பிரித்த தாள்களை வெள்ளை உறிஞ்சுதாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான பலகையை ஏற்றி, உறிஞ்சுதாளை இரண்டு முறை மாற்றி உலர்த்துங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டிக்கொள்ளும்.

நான்காம் படி: வயதைக் கண்டுபிடிப்பது

உலர்ந்ததும் பின்புறத்தையும் ஓரங்களையும் உருப்பெருக்கியால் பாருங்கள். நீளச் சுருளாக இல்லாமல் சிறு தாள்களை ஒட்டிச் சேர்த்திருந்தால் அது பெரும்பாலும் 1830களுக்கு முந்தியது. பின்புறத்தில் அரசு முத்திரை இருந்தால், சுவர்த்தாளுக்கு வரி விதித்த 1712க்கும் 1836க்கும் இடைப்பட்டது. ஒட்டும்போது வெட்டி எறிய வேண்டிய ஓர விளிம்பு எங்காவது தப்பியிருந்தால் அது பெரும் அதிர்ஷ்டம், ஏனெனில் வடிவ எண்ணோ தயாரிப்பாளர் பெயரோ அதில்தான் அச்சாகியிருக்கும். 1842 முதல் 1883 வரை பதிவுசெய்த வடிவங்களுக்கு வைரம் போன்ற ஒரு குறி உண்டு. 1867 வரை அதன் உச்சியிலும், 1868 முதல் வலப்பக்கத்திலும் உள்ள எழுத்து ஆண்டைக் காட்டும். அந்தப் பதிவேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

கடைசிப் படி: மீதிச் சுவர்

மேல்தாள் வினைல் பூசியதாக இருந்தால் அந்த பிளாஸ்டிக் தோலை உலர்வாகவே இழுத்துவிட்டு, உள்தாளை வெந்நீர் தெளித்து ஊறவைத்துச் சுரண்டுங்கள். ஸ்டீமரைச் சுண்ணாம்புக் காரையின்மேல் ஒரே இடத்தில் நீண்ட நேரம் பிடித்தால் காரை பெயர்ந்துவிடும்; சில நொடிகளுக்கொரு முறை நகர்த்துங்கள். விரலால் தட்டி, உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல ஒலிக்கும் இடங்களைச் சுண்ணாம்பாலேயே பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு பெயின்ட் அடியுங்கள்.

பிரித்த தாள்களை வரிசை எண், அறை, சுவர், தேதி எழுதித் தனித்தனி உறையில் வையுங்கள். அலமாரிக்குள் திறந்த அந்தச் சதுரத்தை நாங்கள் பூசாமல் விட்டிருக்கிறோம்; நீலக்கொடியில் மிஞ்சியது அங்கே இருக்கும் ஓர் இலையும் பாதிப் பூவும்தான்.